செஞ்சிக் கோட்டையும் காஸா மடாலயமும்: இந்தியா எப்போது கை தூக்குகிறது, எப்போது ஒதுங்குகிறது?

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு நம் செஞ்சிக் கோட்டையைத் தன் பட்டியலில் சேர்த்தது. மராட்டியரின் இராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் மகாராஷ்டிரத்தின் 11 கோட்டைகளோடு தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும் இடம்பிடித்தது. கோனார்களும் நாயக்கர்களும் பிஜப்பூர் சுல்தான்களும் முகலாயர்களும் ஆற்காட்டு நவாபும் ஆண்ட கோட்டைக்கு ஏன் ஒருவர் பெயர் மட்டும் என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். அதை இன்னொரு நாள் பேசுவோம். பெருமை நமக்கும் உண்டு. ராஜகிரி அடிவாரத்தில் சஅதத்துல்லா கான் பள்ளிவாசலும் வெங்கடரமணர் கோயிலும் ஒரே கோட்டைக்குள் நிற்கின்றன. இரண்டையும் தொல்லியல் துறைதான் காத்துவருகிறது.

செஞ்சி அந்தப் பட்டியலில் ஏறுவதற்கு ஏறக்குறைய ஓராண்டுக்கு முன் அதே குழு புதுடெல்லியில், பாரத் மண்டபத்தில் கூடியது. தலைமை வகித்தது இந்தியா. தொடங்கி வைத்தவர் பிரதமர் மோடி. அந்தக் கூட்டத்தில்தான், 2024 ஜூலை 26 அன்று, காஸாவின் நுஸைராத் பகுதியில் உள்ள தல் உம்மு ஆமிர் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் புனித ஹிலாரியன் என்ற துறவி நிறுவிய கிறிஸ்தவ மடாலயம் அது. போர் நடந்துகொண்டிருந்ததால் வழக்கமான ஆய்வு நடைமுறைகளுக்குக் காத்திராமல் அவசர முறையில் சேர்த்தார்கள். அதே நாளில் ஆபத்தில் உள்ள சின்னங்களின் பட்டியலிலும் சேர்த்தார்கள்.

ஆக, செஞ்சியும் காஸாவும் இன்று ஒரே பட்டியலில் இருக்கின்றன. இதைச் சொல்வது உணர்ச்சிக்காக அல்ல. அந்தப் பட்டியலுக்குள் ஃபலஸ்தீன் எப்படி நுழைந்தது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள், இந்தியா அப்போது எங்கே நின்றது, இப்போது எங்கே நிற்கிறது என்பதெல்லாம் ஒரே கயிற்றின் முடிச்சுகள். நவம்பர் 29 ஃபலஸ்தீன மக்களுடனான சர்வதேச ஒருமைப்பாட்டு நாள். 1977-இல் ஐ.நா. அறிவித்த அந்த நாளில் டெல்லியிலிருந்து வழக்கம்போல் ஆதரவுச் செய்தி போகும். செய்தியை விட்டுவிட்டு, வாக்குகளைப் பார்ப்போம்.

2011 அக்டோபர் 31 அன்று ஃபலஸ்தீனை முழு உறுப்பு நாடாகச் சேர்ப்பதா என்று யுனெஸ்கோவில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 107, எதிர்ப்பு 14, விலகல் 52. இந்தியா ஆதரித்தது. ஃபலஸ்தீனைச் சேர்க்கும் ஐ.நா. அமைப்புக்குப் பணம் தரக்கூடாது என்று தன் நாட்டில் 1990-களில் போட்ட சட்டத்தைக் காட்டி அமெரிக்கா உடனே நிதியை நிறுத்தியது. யுனெஸ்கோவின் பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அது. பின்னர் 2018 இறுதியில் அமெரிக்காவும் இஸ்ரேலும் அமைப்பை விட்டே வெளியேறின. 2023-இல் அமெரிக்கா திரும்பி வந்தது. செஞ்சி பட்டியலில் ஏறிய 11-ஆவது நாள், 2025 ஜூலை 22 அன்று, மீண்டும் வெளியேறுவதாக அறிவித்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, ஃபலஸ்தீனை உறுப்பினராக ஏற்றது. நம் ஊர்க் கோட்டைக்குக் கிடைத்த அங்கீகாரத்தைக் காத்துப் பேணவேண்டிய அமைப்பின் வருமானம் ஃபலஸ்தீனின் பெயரால் வெட்டப்படுகிறது.

இந்தப் பட்டியலுக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் உலகப் பாரம்பரிய உடன்படிக்கை. அதில் கையொப்பமிட்ட எந்த நாடும், கையொப்பமிட்ட இன்னொரு நாட்டின் சின்னங்களுக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ சேதம் விளைவிக்கும் செயலில் வேண்டுமென்றே இறங்கக்கூடாது என்று அதன் 6-ஆவது விதி சொல்கிறது. இஸ்ரேல் அதில் ஒரு தரப்பு. ஃபலஸ்தீன் ஒரு தரப்பு. இந்தியாவும் ஒரு தரப்பு.

காஸா நகரின் பெரிய உமரி பள்ளிவாசல் 2023 டிசம்பரில் தகர்க்கப்பட்டது. பைஸாந்தியர் காலத் தேவாலயம் நின்ற இடத்தில் எழுந்து, சிலுவைப்போர்க் காலத்தில் மீண்டும் தேவாலயமாகி, மம்லூக்குகள் காலத்தில் மறுபடி பள்ளிவாசலான கட்டடம் அது. அதனுள் பழைய கையெழுத்துப் பிரதிகளின் நூலகம் ஒன்றும் இருந்தது. அதே நகரின் புனித போர்ஃபிரியஸ் தேவாலய வளாகம் 2023 அக்டோபர் 19 அன்று தாக்கப்பட்டபோது, அங்கே தஞ்சம் புகுந்திருந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் பலியாயின. காஸா என்றால் முஸ்லிம்கள் மட்டும் என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஃபலஸ்தீன் அரசு உலகின் முன் தூக்கிக் காட்டிய காஸாச் சின்னம் ஒரு கிறிஸ்தவ மடாலயம் என்பதை நம் கிறிஸ்தவ அண்டை வீட்டாரிடமும் சொல்லலாம்.

கல்லைப் பற்றிப் பேசுகிறோமே, மனிதர்கள்? கொல்லப்பட்டோர் எண்ணிக்கை 70 ஆயிரத்தைக் கடந்துவிட்டதாக காஸாவின் சுகாதார அமைச்சகம் 2025 நவம்பர் இறுதியில் அறிவித்தது. 2025 அக்டோபர் 10 முதல் போர்நிறுத்தம் என்கிறார்கள். அதன்பிறகும் முன்னூறுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக அதே அமைச்சகம் அப்போது கூறியது. 2025 மார்ச் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய 11 வாரங்கள் ஒரு மூட்டை மாவுகூட உள்ளே விடப்படவில்லை. ஆகஸ்ட் 22 அன்று, காஸா நகரப் பகுதியில் பஞ்சம் நிலவுகிறது என்று உணவுப் பாதுகாப்பை அளவிடும் சர்வதேச அமைப்பான ஐ.பி.சி. முறைப்படி உறுதிசெய்தது.

முற்றுகை என்ற சொல் செஞ்சிக்காரர்களுக்குப் புதிதல்ல. 1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி ஜுல்ஃபிகார் கான் இந்தக் கோட்டையை வளைத்துக் கிடந்தார். உள்ளே ராஜாராம். ஆனால் அந்த எட்டு ஆண்டுகளில் பட்டினி இரு பக்கமும் இருந்தது. வளைத்த படைக்கே தானியம் கிடைக்காமல் வந்தவாசிக்குப் பின்வாங்கிய காலமும் உண்டு. காஸாவை வளைத்தவர்களுக்கு அப்படி ஒரு நெருக்கடி வராது. அவர்களுக்கு வேண்டியது கடல்வழியும் வான்வழியும் வந்துகொண்டே இருக்கிறது. அனுப்புகிறவர்கள் யார் என்பதில்தான் வெளியுறவுக் கொள்கை என்ற பேச்சே தொடங்குகிறது.

பழைய கணக்கு

இந்தியாவின் பழைய நிலைப்பாடு நம் வாசகர்கள் பலருக்கும் தெரிந்ததே. சுருக்கமாக மட்டும்: ஃபலஸ்தீன் அரபுகளுக்குரியது என்று காந்தியடிகள் 1938 நவம்பரில் ஹரிஜன் இதழில் எழுதினார். (புதுச்சேரி கடற்கரையில் அவர் சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து பெயர்த்துக்கொண்டு போனவை. ஆக்கிரமித்தவன் கல்லையும் விடமாட்டான்.) 1947-இல் ஐ.நா. அமைத்த ஃபலஸ்தீன் சிறப்புக் குழுவில் இந்தியாவின் சார்பில் இருந்த சர் அப்துர் ரஹ்மான், ஈரான், யுகோஸ்லாவியா பிரதிநிதிகளோடு சேர்ந்து, நாட்டைப் பிரிக்காமல் கூட்டாட்சியாக வைத்திருக்கலாம் என்ற திட்டத்தை முன்வைத்தார். அது எடுபடவில்லை. 1947 நவம்பர் 29 அன்று பிரிவினைத் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த 13 நாடுகளில் இந்தியா ஒன்று. தன் வீட்டுப் பிரிவினையின் இரத்தம் காயாத நேரம் அது.

1950-இல் இஸ்ரேலை இந்தியா அங்கீகரித்தது. தூதரகம் மட்டும் திறக்கவில்லை. 1974-இல் ஃபலஸ்தீன விடுதலை இயக்கத்தை அம்மக்களின் ஒரே சட்டபூர்வப் பிரதிநிதியாக ஏற்ற முதல் அரபு அல்லாத நாடு இந்தியா. 1988-இல் ஃபலஸ்தீனைத் தனிநாடாக அங்கீகரித்த முதல் நாடுகளில் ஒன்று. பிரிட்டனும் பிரான்ஸும் அந்த அங்கீகாரத்துக்கு வர 2025 செப்டம்பர் வரை ஆனது என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் எடை புரியும்.

1992 ஜனவரி 29 அன்று நரசிம்ம ராவ் அரசு இஸ்ரேலுடன் முழுத் தூதரக உறவை ஏற்படுத்தியது. சோவியத் யூனியன் சிதறி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆயுதத்துக்கு வேறு கடை தேவைப்பட்டது. 1999 கார்கில் போரில் இஸ்ரேல் அவசரமாகக் கொடுத்து உதவியது. அந்தக் கடன் உணர்வு நம் இராணுவ வட்டாரத்தில் இன்றும் இருக்கிறது. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. இன்று இஸ்ரேல் ஏற்றுமதி செய்யும் ஆயுதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தியாவுக்குத்தான் வருகிறது என்கின்றன ஸ்டாக்ஹோமின் சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் அண்மைக்காலக் கணக்குகள். ஹைஃபா துறைமுகம் 2023 முதல் அதானி குழுமத்தின் கையில். ஹைதராபாத்தில் அதே குழுமமும் இஸ்ரேலின் எல்பிட் நிறுவனமும் கூட்டாக ஆளில்லா விமானம் செய்கின்றன. தமிழ்நாட்டு விவசாயிக்கும் இந்த உறவு அந்நியமில்லை. திண்டுக்கல் ரெட்டியார்சத்திரத்திலும் கிருஷ்ணகிரி தளியிலும் இந்திய-இஸ்ரேல் கூட்டு வேளாண் மகத்துவ மையங்கள் இருக்கின்றன. சொட்டுநீர்க் குழாயைப் பிடுங்கி எறியச் சொல்லி நாம் இதை எழுதவில்லை. உறவு எவ்வளவு ஆழம் என்று தெரிந்துகொண்டுதான் பேச வேண்டும் என்கிறோம்.

ஐந்தாறு வாக்குகள்

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பிணையாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். போரில் அவர்கள்மீது கைவைப்பதை நம் மார்க்கம் தடுத்திருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அதன்பிறகு ஐ.நா.வில் நடந்த வாக்கெடுப்புகளில் இந்தியா எப்படி நடந்துகொண்டது? ஒரு நாள் ஆதரிக்கிறது, ஒரு நாள் விலகுகிறது, என்னதான் கொள்கை என்று நம்மில் பலர் குழம்பிப் போயிருக்கிறார்கள். வாக்குகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

2023 டிசம்பர் 12 அன்று உடனடி மனிதாபிமானப் போர்நிறுத்தம் கோரிய தீர்மானத்தை 153 நாடுகள் ஆதரித்தன. இந்தியாவும் ஆதரித்தது. 2024 மே 10 அன்று ஃபலஸ்தீன் ஐ.நா.வின் முழு உறுப்பினராகத் தகுதி உடையது என்ற தீர்மானத்தை 143 நாடுகள் ஆதரித்தன. இந்தியாவும் ஆதரித்தது. 2025 செப்டம்பர் 12 அன்று, இரு நாட்டுத் தீர்வை வலியுறுத்தும் நியூயார்க் பிரகடனத்தை 142 நாடுகள் ஏற்றன. அதிலும் இந்தியா உண்டு.

இனி மறுபக்கம். 2024 ஏப்ரல் 5 அன்று, இஸ்ரேலுக்கு ஆயுதம் விற்பதை நிறுத்தும்படி கோரிய தீர்மானம் ஜெனீவாவில் மனித உரிமைக் கவுன்சிலில் 28 வாக்குகளால் நிறைவேறியது. இந்தியா விலகி நின்றது. 2024 செப்டம்பர் 18 அன்று, ஆக்கிரமிப்பை 12 மாதங்களுக்குள் முடிவுக்குக் கொண்டுவர வேண்டும், சட்டவிரோதக் குடியேற்றங்களின் பொருட்களை வாங்கக்கூடாது, ஆக்கிரமிப்புப் பகுதியில் பயன்படுத்தப்படக்கூடும் என்று கருத இடமிருந்தால் ஆயுதம் தரக்கூடாது என்ற தீர்மானம் பொதுச்சபையில் வந்தது. 124 நாடுகள் ஆதரித்தன. இந்தியா விலகி நின்றது. 2025 ஜூன் 12 அன்று வந்த தீர்மானம் போர்நிறுத்தத்தோடு நிற்கவில்லை. பட்டினியை ஆயுதமாக்குவதைக் கண்டித்தது, பொறுப்புக்கூறலையும் கேட்டது. 149 நாடுகள் ஆதரித்தன. விலகிய 19 நாடுகளில் தெற்காசியாவிலிருந்து இந்தியா மட்டும்.

இப்போது பிரித்துப் பாருங்கள். ஃபலஸ்தீனுக்கு நாடு வேண்டும், அமைதி வேண்டும், கொலை நிற்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லும் இடத்தில் இந்தியா கை தூக்குகிறது. வாக்களித்த நாடு மறுநாள் எதையாவது செய்யவேண்டி வரும் இடத்தில், அதாவது ஒரு விற்பனையை நிறுத்தவோ, ஒரு விசாரணைக்கு ஒத்துழைக்கவோ, ஒரு கெடுவுக்குக் கட்டுப்படவோ வேண்டி வந்தால், ஒதுங்கிக்கொள்கிறது. ஃபலஸ்தீன் என்ற எதிர்கால நாட்டுக்கு ஆதரவு. இன்றைய இஸ்ரேலுக்குச் செலவு வைக்கும் எதற்கும் மௌனம். இதுதான் கொள்கை. தடுமாற்றம் ஏதுமில்லை.

இந்தக் கணக்குக்குள் முழுதாக அடங்காத வாக்கு ஒன்று உண்டு. 2023 அக்டோபர் 27 அன்று வந்த முதல் தீர்மானம் மனிதாபிமான இடைநிறுத்தம் மட்டும்தான் கோரியது. அதிலும் இந்தியா விலகியது. ஹமாஸின் தாக்குதலைத் தீர்மானம் வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை என்பது அரசுத் தரப்பின் விளக்கம். அப்படிக் கண்டிக்கச் சொல்லிக் கனடா கொண்டுவந்த திருத்தத்தை இந்தியா ஆதரித்தது, திருத்தம் தோற்றது. சரி, விளக்கத்தை ஏற்றுக்கொள்வோம். ஆனால் டிசம்பர் தீர்மானத்திலும் ஹமாஸின் பெயர் இல்லையே? அப்போது மட்டும் எப்படி ஆதரிக்க முடிந்தது? இடைப்பட்ட ஆறு வாரங்களில் உலகத்தின் கருத்து திரும்பியிருந்தது, வளைகுடா நாடுகள் கவனித்துக்கொண்டிருந்தன. வளைகுடாவில் ஏறத்தாழ 90 இலட்சம் இந்தியர்கள் வேலை செய்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளும் அதில் அடக்கம்.

2024 செப்டம்பர் வாக்கில் இன்னொரு முரண்பாடு ஒளிந்திருக்கிறது. அந்தத் தீர்மானம் வானத்திலிருந்து விழவில்லை. அதே ஆண்டு ஜூலை 19 அன்று சர்வதேச நீதிமன்றம், ஃபலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேலின் இருப்பு சட்டவிரோதமானது, கூடிய விரைவில் முடிவுக்கு வரவேண்டும் என்று 11-க்கு 4 என்ற கணக்கில் கருத்துரை வழங்கியது. அதைச் செயல்படுத்தத்தான் தீர்மானம். அந்த 11 நீதிபதிகளில் ஒருவர் இந்தியாவின் தல்வீர் பண்டாரி. நீதிபதி அரசின் பிரதிநிதி அல்ல, அவருடைய வாக்கு அவருடையது, உண்மைதான். ஆனாலும் இந்தியா முன்னிறுத்தி, பெரும் முயற்சியெடுத்து வெற்றிபெறச் செய்த நீதிபதி சட்டம் இதுதான் என்று சொன்ன பிறகு, இரண்டு மாதத்தில் இந்தியத் தூதர் எழுந்து பேச்சுவார்த்தையும் இராஜதந்திரமும்தான் வழி என்கிறார். பேச்சுவார்த்தையை யார் வேண்டாம் என்றார்கள்? ஆக்கிரமிப்பாளரையும் ஆக்கிரமிக்கப்பட்டவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துவிட்டு, நீதிமன்றம் சொன்னதை மேசைக்கு வெளியே வைத்தால், அந்தப் பேச்சில் ஒருவருக்குத் துப்பாக்கியும் இன்னொருவருக்கு மனுவும்தான் மிஞ்சும்.

நியூயார்க் பிரகடனத்துக்கு வாக்களிப்பதற்கு நான்கு நாள் முன்பு, 2025 செப்டம்பர் 8 அன்று, புதுடெல்லியில் இந்தியாவும் இஸ்ரேலும் முதலீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இஸ்ரேல் தரப்பில் கையெழுத்திட்டவர் நிதியமைச்சர் பெஸலேல் ஸ்மோட்ரிச். ஃபலஸ்தீன் என்ற நாடே உருவாகக் கூடாது, மேற்குக்கரையை இணைத்துக்கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசிவருபவர். அவரைப் போன்றவர்களைத் தங்கள் நாட்டுக்குள் விடமாட்டோம் என்று பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நார்வே ஆகிய நாடுகள் அதற்கு முன்பே தடைவிதித்திருந்தன.

அரசு செய்த நல்லதையும் பதிவுசெய்ய வேண்டும். ஃபலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. நிவாரண அமைப்புக்கு ஆண்டுக்கு 50 இலட்சம் டாலர் கொடுத்துவருகிறது. அமெரிக்கா அந்த அமைப்புக்குப் பணத்தை நிறுத்திய பிறகும் இந்தியா அதே வழியில் போகவில்லை. மருந்தும் நிவாரணப் பொருளும் அனுப்பியது. ஆனால் 2023 அக்டோபருக்குப் பிறகு ஃபலஸ்தீனத் தொழிலாளர்களின் அனுமதியை இஸ்ரேல் இரத்துசெய்தபோது, அந்த இடத்தை நிரப்ப உத்தரப்பிரதேசத்திலும் ஹரியானாவிலும் ஆளெடுப்பு முகாம் நடந்ததும் இதே அரசின் ஏற்பாட்டில்தான். மாதம் 1.37 இலட்சம் ரூபாய் சம்பளம். வறுமையில் இருப்பவரைப் போகாதே என்று சொல்ல நமக்கு வாயில்லை. 2024 மார்ச்சில் லெபனான் எல்லையோரத் தோட்டத்தில் வேலை செய்த கேரளத் தொழிலாளி ஒருவர் ஏவுகணை விழுந்து இறந்தார் என்பதை மட்டும் நினைவூட்டலாம்.

ஜெனீவா நமக்குச் சொல்லிக்கொடுத்தது

வெளியுறவுக் கொள்கை டெல்லி சமாச்சாரம், செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டின் சொந்த அனுபவமே பதில்.

2012 மார்ச்சில் ஜெனீவா மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கைக்கு எதிரான தீர்மானம் வந்தது. தனி நாடு ஒன்றைக் குறிவைக்கும் தீர்மானங்களை ஆதரிப்பதில்லை என்பது அதுவரை இந்தியாவின் வழக்கம். தமிழ்நாட்டில் கட்சி வேறுபாடின்றி எழுந்த அழுத்தம் அந்த வழக்கத்தை உடைத்தது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. 2013-இலும் ஆதரித்தது, மாணவர் போராட்டம் தமிழகம் முழுக்கப் பரவி, தி.மு.க. மத்திய அரசிலிருந்து வெளியேறிய வாரம் அது. 2014 மார்ச்சில் சர்வதேச விசாரணை வேண்டும் என்று தீர்மானம் கூர்மையானதும் இந்தியா விலகி நின்றது. அப்போது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ் கூட்டணி. மோடி பிரதமராகவில்லை.

இதை ஏன் கிளறுகிறோம் என்றால், காஸா விஷயத்தில் நாம் காணும் விலகலை ஒரு கட்சியின் மதவெறுப்பு என்று மட்டும் விளக்கிவிட்டால் பாதியைத் தவறவிடுவோம். இஸ்ரேல் மீதான இன்றைய ஆட்சியாளர்களின் ஈர்ப்பு வெளிப்படையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பொறுப்புக்கூறல், விசாரணை என்ற சொல் வந்ததும் நழுவுவது டெல்லியின் பழைய நோய். நாளை நம்மிடமும் கேட்பார்களே என்ற அச்சம் அதன் வேர். ஆட்சி மாறினால் வாக்கு தானாக மாறிவிடும் என்று காத்திருக்க முடியாது.

ஈழ விவகாரத்தைப் பேசும்போது நம் சமூகத்தில் ஒரு தயக்கம் வரும். 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியதையும், அதற்கு இரண்டு மாதம் முன் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டதையும் நாம் மறக்கவில்லை, மறக்கவும் தேவையில்லை. அதேவேளை முள்ளிவாய்க்காலில் இறந்த பொதுமக்களுக்கு நீதி கேட்டதும் சரிதான். நம் விழுப்புரம் மாவட்டத்தின் கீழ்புத்துப்பட்டு முகாமில் இன்றும் ஈழத்தமிழர் குடும்பங்கள் இருக்கின்றன. மருத்துவமனை மீது குண்டு விழுவது, பாதுகாப்பு வலயம் என்று சொல்லி அழைத்த இடத்திலேயே தாக்குவது, சாட்சிகளை உள்ளே விடாமல் போரை நடத்துவது இவையெல்லாம் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. காஸாவுக்காக நாம் கூட்டம் போடும்போது அவர்களையும் அழைத்திருக்கிறோமா?

இதுவரை நாம் செய்தவை என்ன? ஜும்ஆவில் துஆ, வசூல், ஆர்ப்பாட்டம், புறக்கணிக்க வேண்டிய பொருட்களின் பட்டியல். அவை தொடரட்டும். (அந்தப் பட்டியல்களில் பாதி வாட்ஸ்அப்பில் யாரோ கிளப்பிவிட்டது, சம்பந்தமே இல்லாத உள்ளூர்க் கடைக்காரர் நட்டப்படுகிறார் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.) ஆனால் டெல்லி பதில் சொல்லியே ஆகவேண்டிய இடம் நாடாளுமன்றம். செஞ்சி சட்டமன்றத் தொகுதி ஆரணி மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. உறுப்பினர் தி.மு.க.வின் எம்.எஸ். தரணிவேந்தன். நெல் கொள்முதலுக்கும் இரயில் பாதைக்கும் அவரிடம் மனு கொடுப்பதுபோல இதற்கும் கொடுக்கலாம்.

மனு எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஃபலஸ்தீனை ஆதரிக்கிறீர்களா என்று கேட்டால், ஆம், இரு நாட்டுத் தீர்வை ஆதரிக்கிறோம் என்று நான்கு வரிப் பதில் வரும். ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. கேள்வி குறுகலாக இருக்க வேண்டும். 2024 செப்டம்பர் 18 தேதியிட்ட, இ.எஸ்.-10/24 என்ற எண்ணுள்ள தீர்மானத்தில் விலகியதற்குக் காரணம் என்ன? அதன் பின் இந்தியாவிலிருந்து இஸ்ரேலுக்கு இராணுவப் பொருள் ஏற்றுமதி செய்ய எத்தனை உரிமங்கள் வழங்கப்பட்டன? அகதிகள் நிவாரண அமைப்புக்கான 50 இலட்சம் டாலர் இந்த நிதியாண்டில் முழுமையாகப் போய்ச் சேர்ந்ததா? இந்தியா தலைமை வகித்த கூட்டத்தில் ஆபத்துப் பட்டியலில் சேர்க்கப்பட்ட காஸா மடாலயத்தைப் பாதுகாக்கவும் சீரமைக்கவும் இந்தியத் தொல்லியல் துறை உதவ முன்வந்திருக்கிறதா? கடைசிக் கேள்வியைச் செஞ்சிக்காரர்கள் கேட்டால் அதற்குத் தனி உரிமை உண்டு.

நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கேள்வி பொதுவாக 150 சொற்களைத் தாண்டக்கூடாது. நட்பு நாடு ஒன்றை மரியாதைக்குறைவாகக் குறிப்பிடும் கேள்வியை மக்களவை விதிகள் அனுமதிப்பதில்லை. ஆகவே கோபத்தை வெளியே வைத்துவிட்டு எழுத வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் அவையிலேயே வாய்மொழியாகப் பதில் சொல்வார், துணைக்கேள்வியும் கேட்கலாம். ஆனால் நாளொன்றுக்கு 20 கேள்விகள்தான், குலுக்கலில் வரவேண்டும். ஒரு தொகுதியிலிருந்து ஒருவர் கேட்டால் வாய்ப்பு குறைவு. வேலூர், இராமநாதபுரம், விழுப்புரம் என்று ஆங்காங்கே உள்ள ஜமாஅத்துகள் தத்தம் உறுப்பினரிடம் ஒரே கேள்வியைக் கொடுத்தால் ஒன்றாவது தேறும்.

2025-இன் குளிர்காலக் கூட்டத்தொடர் டிசம்பர் 1 அன்று தொடங்கி 19-ஆம் தேதியோடு முடிந்தது. கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பட்ஜெட் கூட்டத்தொடர் வழக்கமாக ஜனவரி இறுதியில் தொடங்கும். மனு டிசம்பர் முடிவதற்குள் ஆரணி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் சரியாக இருக்கும். பள்ளிவாசல் நிர்வாகிகள் கையெழுத்தோடு, கூடவே வியாபாரிகள் சங்கத்தாரிடமும் தேவாலயத்தாரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.